இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு: வாரம் முழுவதற்குமான இரவுச் சமையல்

தரமணியில் வேலை, வேளச்சேரியில் வீடு. தூரம் குறைவுதான். ஆனாலும் நானும் தங்கையும் கதவைத் திறக்கும்போது மணி எட்டேமுக்கால் ஆகிவிடும். திருநெல்வேலியிலிருந்து வந்த முதல் நான்கு மாதமும் இரவுச் சாப்பாடு வெளியில்தான். ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேங்காய் அரைத்து ஊற்றி, ஐந்து நாளைக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் சாம்பார் வைத்தேன். அடுப்பு மேலேயே ஆறட்டும் என்று இரவு பத்து மணி வரை விட்டுவிட்டு, பிறகு பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் ஏற்றினேன். செவ்வாய்க்கிழமை மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் வெள்ளை நுரை. கரண்டியை விட்டதும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. மூன்று லிட்டரையும் கொட்டினோம். தங்கை அன்று ரொட்டியும் பாலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "குழம்பை எதற்கு எடுத்து வைக்கிறாய்? குழம்புக்கு உண்டானதை எடுத்து வை" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, ஏழெட்டு மாதம் பல தவறுகள் செய்து, இப்போது ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம். மற்ற ஐந்து இரவும் ஆளுக்கு அரை மணி நேரத்துக்குள். சென்னைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு, நாங்கள் பட்ட சிரமம் மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன். அளவுகள் எல்லாம் இரண்டு பேருக்கு.

1. அடுப்பை முதலில் உறுதி செய்யுங்கள்

புதிய எரிவாயு இணைப்புக்கு அடையாளச் சான்று, முகவரிச் சான்று இரண்டும் வேண்டும். உங்கள் ஆதாரில் ஊர் முகவரிதான் இருக்கும். அதனால் சென்னை முகவரிக்கு வாடகை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டியிருக்கும். முன்பணம் கொடுக்கும் அன்றே ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்டால் இழுத்துக்கொண்டே போகும். எங்களுக்கு ஆறு வாரம் ஆயிற்று. ஊரில் உங்கள் பெயரிலேயே இணைப்பு இருந்தால் புதிதாக எடுக்காமல் அதையே இங்கே மாற்றிக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் 5 கிலோ சிறிய சிலிண்டர் கைகொடுக்கும். அதற்கு முகவரிச் சான்று தேவையில்லை, ஏதாவது ஓர் அடையாள அட்டை போதும். எரிவாயு முகவர்களிடமும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கிறது. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைவிட விலை கூடத்தான். இரவுச் சமையல் மட்டும் என்பதால் எங்களுக்கு ஒன்று ஐந்து வாரம் வந்தது.

மின் அடுப்பு வாங்குகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். அடுத்தது, 2000 வாட் அடுப்பைப் பழைய வாடகை வீடுகளின் 6 ஆம்பியர் சுவிட்சில் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பிளக் சமையலறையில் எங்கே இருக்கிறது என்று வீடு பார்க்கும்போதே தேடுங்கள். பல வீடுகளில் அது குளியலறை ஹீட்டருக்கு மட்டும்தான் இருக்கிறது.

2. எந்தத் தண்ணீரில் சமைக்கிறீர்கள்?

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்பில் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். அதில் துவரம்பருப்பைப் போட்டால் எட்டு விசில் விட்டும் வேகவில்லை. விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு போல மாவு நின்றது. பருப்பு பழையது என்று நினைத்து இரண்டு முறை கடையை மாற்றினேன். குற்றம் பருப்பில் இல்லை. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடும். கேன் தண்ணீரில் வேகவைத்த அன்று நான்கே விசிலில் பருப்பு வெண்ணெயாகக் குழைந்தது.

ஆகவே பருப்பு, கடலை வேகவைக்க, மாவு அரைக்க, சாதம் வடிக்க எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ பயன்படுத்துங்கள். கழுவ மட்டும் குழாய்த் தண்ணீர். வாரத்துக்கு அரைக் கேன் கூடுதலாகச் செலவாகும். எரிவாயுவில் அது மிச்சப்பட்டுவிடும். புளி, தக்காளி எதுவாக இருந்தாலும் பருப்பு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பும் பருப்பை வேகவிடாது.

3. பாத்திரங்கள்

மூன்று லிட்டர் குக்கர், அதற்குள் வைக்கும் இரண்டு அடுக்குகள், ஒரு தோசைக்கல், அடி கனமான ஒரு வாணலி, இட்லித் தட்டு, மிக்ஸி. காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாக்கள் சிறியதாக எட்டு. பெரியதாக இரண்டு வாங்கினால் பயனில்லை. ஓர் இரவுக்கு ஒரு டப்பா என்பதுதான் இந்த முறையே. கிரைண்டர் முதல் ஆண்டில் வேண்டாம்.

4. சந்தைக்கு எப்போது, எங்கே

கோயம்பேட்டில் விலை குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். விடியற்காலையில் போக வேண்டும், அள்ளி வாங்க வேண்டும். இரண்டு பேருக்கான காய்க்காக வேளச்சேரியிலிருந்து ஆட்டோ வைத்துப் போனால் மிச்சம் பிடித்தது வாடகைக்கே சரியாகிவிடும். மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து, மாதம் ஒரு முறை வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காய், புளி வாங்கப் போனால் பலன் உண்டு. வாரக் காய்க்குச் சைதாப்பேட்டைச் சந்தை, கூட்டுறவுத் துறையின் பண்ணை பசுமைக் கடைகள், உங்கள் தெருமுனைக் கடை போதும். சனிக்கிழமை மாலையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் போனால் கிளறி ஒதுக்கிய தக்காளிதான் மிஞ்சும்.

எங்கள் வாரப் பட்டியல்: தக்காளி ஒன்றரை கிலோ, பெரிய வெங்காயம் ஒரு கிலோ, சின்ன வெங்காயம் கால் கிலோ, முருங்கைக்காய் இரண்டு, சுரைக்காயோ புடலங்காயோ ஒன்று, பீன்ஸ் அல்லது அவரை கால் கிலோ, தேங்காய் ஒன்று, முட்டை ஆறு, கறிவேப்பிலை, கொத்துமல்லி, பச்சை மிளகாய், இஞ்சி. கீரை வாங்கினால் ஞாயிறு மதியத்துக்கே சமைத்துவிடுங்கள். அது வாரநாள் இரவுக்கு ஆகாது.

5. ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம்

ஊறவைப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சனி இரவு படுக்கும் முன் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இட்லி அரிசி இரண்டு டம்ளரை அரைத் தேக்கரண்டி வெந்தயத்தோடு ஊறப்போடுங்கள். உளுந்து, மிக்ஸியில் அரைப்பதானால் முக்கால் டம்ளர். மதியம் ஒரு மணிக்கு ஊறப்போட்டால் போதும். கிரைண்டரில் நாலுக்கு ஒன்று என்பார்கள். மிக்ஸியில் உளுந்து அந்த அளவுக்கு உபரியாகாது, அதனால்தான் இந்தக் கூடுதல்.

இரண்டரை மணிக்கு வேலை தொடங்குகிறது. முதலில் மாவு. உளுந்தை அரைக்கும்போது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த தண்ணீரையே ஊற்றுங்கள், மிக்ஸி சூட்டில் மாவு கனத்துப்போகும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். அரிசியைச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து, கையால் கலக்குங்கள்.

கலந்ததும் மாவை இரண்டாகப் பிரியுங்கள். எனக்கு இதைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆயிற்று. ஒரு பாதியில் உப்புப் போட்டு வெளியே புளிக்க விடுங்கள். மே மாதச் சென்னையில் ஆறு ஏழு மணி நேரம் போதும், இரவு படுக்கப் போகும் முன் பொங்கியிருக்கும், உள்ளே வைத்துவிடுங்கள். மார்கழியில் மறுநாள் காலை வரை வேண்டும். மற்றப் பாதியை உப்புப் போடாமல், புளிக்க விடாமல், அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். புதன் காலை வேலைக்குக் கிளம்பும்போது உப்புச் சேர்த்து வெளியே வைத்தால், இரவு வரும்போது புதுமாவாகப் பொங்கி நிற்கும். கோடையில் மட்டும் பாத்திரத்தை ஓர் அகன்ற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள், சூடு மட்டுப்படும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு மே மாதம் மாவு வழிந்து மேடையிலிருந்து தரைக்கு ஒழுகி, இரவு பத்து மணிக்கு வீடு கழுவினோம்.

கடையில் பாக்கெட் மாவு வாங்குவதிலும் தவறில்லை. காலையில் வாங்குங்கள், தேதியைப் பாருங்கள். பாக்கெட் பலூன் போல உப்பியிருந்தால் எடுக்காதீர்கள். அது கடையிலேயே புளித்து முடிந்தது.

மாவு முடிந்ததும் குக்கர். கீழ் அடுக்கில் ஒரு டம்ளர் துவரம்பருப்பு, மஞ்சள்தூள், இரண்டு சொட்டு நல்லெண்ணெய். மேல் அடுக்கில் ஊறிய கடலை. கடலைக்காக ஆறேழு விசில் விடலாம், பருப்பு குழைந்தால் நல்லதுதான். மற்ற அடுப்பில் அதே நேரத்தில் தக்காளித் தொக்கு. ஒரு கிலோ தக்காளியை நறுக்கி, ஆறு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு. முதல் பதினைந்து நிமிடம் அது பாட்டுக்குக் கொதிக்கும். பிறகு தெறிக்கத் தொடங்கும். அப்போது தீயைக் குறைத்து மூடியைச் சாய்த்து வையுங்கள். முப்பத்தைந்து நாற்பது நிமிடத்தில் கரண்டியால் வகிடு எடுத்தால் இரண்டு பக்கமும் சேராமல் நிற்கும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து சிவப்பாக மினுங்கும். அதற்கு முன்னால் இறக்கினால் பத்து நாள் தாங்காது. இந்த ஓர் இடத்தில் பொறுமை காட்டுங்கள்.

தொக்கு சுண்டும் நேரத்தில் காய் நறுக்குதல். சின்ன வெங்காயத்தை உரித்து ஈரமில்லாத டப்பாவில் போட்டால் நான்கு நாள் வரும். முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு வெட்டி வைக்கலாம். சுரைக்காய் நறுக்கியது மறுநாளைக்கு மட்டும். தேங்காயைத் துருவி, ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாக உறைபெட்டியில் போட்டுவிடுங்கள். கறிவேப்பிலையைக் கழுவாமல், உருவி, துணியில் சுற்றி வையுங்கள்.

இவை வாரவாரம். இதோடு, ஒவ்வொரு ஞாயிறும் நீடித்து இருக்கிற ஒரு பொருள் மட்டும் முறை வைத்துச் செய்யுங்கள். ஒரு வாரம் புளிக்காய்ச்சல், ஒரு வாரம் பருப்புப்பொடி, ஒரு வாரம் மிளகு சீரகத்தோடு ரசப்பொடி, ஒரு வாரம் உப்புமாவுக்கு அரிசியும் கொஞ்சம் துவரம்பருப்பும் மிளகும் சேர்த்து உடைத்த நொய். நான்கையும் ஒரே நாளில் செய்ய முயன்றால் அடுத்த ஞாயிறு சமையலறைப் பக்கமே போக மனம் வராது.

புளிக்காய்ச்சலுக்கு 100 கிராம் புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். நல்லெண்ணெய் தாராளமாக, கடுகு, கடலைப்பருப்பு, பத்து வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கரைசலை ஊற்றி, மஞ்சள்தூள், உப்புச் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். இருபத்தைந்து நிமிடத்தில் எண்ணெய் மேலே மிதக்கும். வறுத்துப் பொடித்த வெந்தயமும் மல்லியும், நெல்லிக்காய் அளவு வெல்லமும் கடைசியில். ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் இருக்கும்.

6. ஆறவைப்பதில்தான் கெட்டுப்போகிறது

என் சாம்பார் கெட்டதற்குத் தேங்காய் பாதிக் காரணம். மீதிப் பாதி, ஆழமான பாத்திரத்தில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்தது. சென்னை வெயிலில் சமைத்த பொருள் ஒரு மணி நேரத்துக்குள் குளிருக்குப் போய்விட வேண்டும். வெந்த பருப்பை அகலமான தட்டில் ஊற்றி, அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து, மின்விசிறிக்குக் கீழே இருபது நிமிடம் வையுங்கள். பிறகு சிறு டப்பாக்களில் பிரித்து உள்ளே வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

வெந்த பருப்பும் கடலையும் மூன்று நாள். அதற்கு மேல் வேண்டுமானால் உறைபெட்டி. அரைத்த தேங்காய் ஒரு நாள். தொக்கு பத்து நாள். டப்பா மூடியில் தேதி எழுதிய காகிதத்தை ஒட்டுங்கள். எடுத்ததை வெறுமனே சூடுகாட்டாமல் தளதளவென்று கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள். ஒரு முறை கொதித்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

சாதத்தை மட்டும் ஞாயிறன்று வடித்து வைக்க வேண்டாம். வெளியே கிடந்த சோற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியா விடுகிற நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. பழைய சோறு வேறு கணக்கு. அது தண்ணீர் ஊற்றிப் புளிக்க விட்டு மறுநாள் காலையிலேயே தீர்த்துவிடுவது. சாதம் வேகப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகிறது, அன்றன்றைக்கே வையுங்கள். அரிசியைக் காலையில் ஊறப்போட்டுவிட்டுப் போவதும் தவறு. பன்னிரண்டு மணி நேரத்தில் புளித்த வாடை வந்துவிடும்.

7. திங்கள் முதல் வெள்ளி வரை

தேங்காய் சேர்ந்தவை வார முதலில், புளி சேர்ந்தவை வாரக் கடைசியில். இந்த வரிசை மட்டும் மாறக் கூடாது.

திங்கள், சுரைக்காய்க் கூட்டு. கைப்பையை வைத்ததும், உடை மாற்றும் முன், ஒரு டம்ளர் பச்சரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரை ஏற்றுங்கள். முகம் கழுவி வருவதற்குள் முதல் விசில் வந்திருக்கும். மற்ற அடுப்பில் சுரைக்காய் பத்து நிமிடம் வேகட்டும். பருப்பில் ஒரு டப்பா, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்தது, ஒரு கொதி, தாளிப்பு. ஒன்பதேகாலுக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம். புழுங்கலரிசியானால் மூன்று டம்ளர் தண்ணீர், இன்னும் ஏழெட்டு நிமிடம்.

செவ்வாய், இட்லியும் முருங்கைக்காய்ச் சாம்பாரும். பருப்பின் கடைசி டப்பா இன்று தீர்ந்துவிட வேண்டும். இட்லிக்குப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் சாம்பார் தயார்.

புதன், இரண்டாம் பாதி மாவில் தோசை, தொக்கு. இதற்கு விளக்கம் தேவையில்லை.

வியாழன்தான் சோர்வான நாள். வெளியில் வாங்கிவிடலாம் என்று கை போவதும் அன்றைக்குத்தான். அதற்காகவே அன்று முட்டைத் தொக்கு வைத்திருக்கிறேன். ஒரு வெங்காயத்தை வதக்கி, நான்கு கரண்டி தொக்கு, அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதி வந்ததும் நான்கு முட்டையை உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடி வையுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் வெள்ளை கெட்டிப்பட்டு மேலே மிளகுத்தூளுக்குக் காத்திருக்கும். தங்கைக்குச் சப்பாத்தியோடு பிடிக்கும், எனக்குச் சாதத்தோடு. முட்டை சாப்பிடாதவர்கள் உறைபெட்டியில் இருக்கும் கடலையைப் போடலாம்.

வெள்ளி, புளிசாதம். சாதத்தைத் தட்டில் பரப்பி, நல்லெண்ணெய் ஊற்றி ஆறவிட்டு, மூன்று மேசைக்கரண்டி புளிக்காய்ச்சல், வறுத்த வேர்க்கடலை. அப்பளம் இருந்தால் போதும். புளி அலுத்த வாரம் நொய்யை எடுத்து அரிசி உப்புமா கிண்டிவிடுங்கள்.

நடுவில் ஒரு நாள் அலுவலக விருந்து வந்துவிட்டால் அன்றைய சமையலை அப்படியே விட்டுவிடாதீர்கள். அடுத்த நாள் எதைச் செய்வது என்பதை மூடியில் இருக்கும் தேதி சொல்லும். புளிசாதம் காத்திருக்கும், பருப்பு காத்திருக்காது.

8. செலவு

எங்கள் குறிப்பேட்டில் உள்ளபடி: வெளியில் வாங்கியபோது இருவருக்கும் ஓர் இரவுக்கு, கொண்டுவந்து தரும் கட்டணம் உட்பட, ரூ.300 முதல் 350. மாதத்தில் 22 வேலைநாள் இரவுக்கு ஏறக்குறைய ரூ.7,000. இப்போது காய், அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு, கேன் தண்ணீர் எல்லாம் சேர்த்து ரூ.2,600ஐத் தாண்டுவதில்லை. பாத்திரம், மிக்ஸிக்குப் போட்ட முதலை இரண்டே மாதத்தில் எடுத்துவிட்டோம்.

9. மின்சாரம் இல்லாத நாள்

பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தும் நாள்கள் உங்கள் பகுதிக்கும் வரும். காலை ஒன்பது மணி முதல் மதியம் வரை நிறுத்துவதுதான் வழக்கம். முந்தைய நாள் நாளிதழில் ஊர்ப் பெயரோடு வந்துவிடும். கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும். அன்று காலை அவசரத்துக்குக்கூடத் திறக்காமல் போங்கள்.

மழைக்காலம் அப்படியல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் தண்ணீர் நின்று, எங்கள் தெருவில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், சிலிண்டர் அடுப்பில் சாதம் வடித்து, புளிக்காய்ச்சலையும் பருப்புப்பொடியையும் வைத்து நாங்களும் கீழ்வீட்டுப் பெரியவர்கள் இருவரும் சாப்பிட்டோம். அதனால் அக்டோபர் பிறந்ததும் பொடி, புளிக்காய்ச்சல், அரிசி, கேன் தண்ணீர் இரண்டு, நிரம்பிய சிலிண்டர் என்று ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் திரும்பியதும் பருப்பு, மாவு, தேங்காய், வெந்த கடலை எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்காமலே கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜைச் சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் துடைத்து, ஒரு மணி நேரம் கதவைத் திறந்து உலரவிட்ட பிறகு அடுத்த மாவை வையுங்கள்.